ஆடியில் சுருக்கிய லாரி ஓட்டங்கள்

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இனி ஆவணி வரை கோவில்பட்டியில் யாரும் தாலி கட்டப் போவதில்லை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற எனக்கு வருஷத்தில் ஆடியும் மார்கழியும்தான் விடுமுறை. ஸ்டுடியோவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தி கொளுத்திவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்காவது யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தையல்கடைக்காரர்கூட மாதம் முழுக்கக் கடையைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வந்த ஒரே ஆள் ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலாளி மகாராஜன் அண்ணாச்சி மதியத்துக்கு முன்னால் வந்தார்.

“செண்பகம், அந்தப் பழைய டிஸ்க் ரெண்டையும் ஆவணிக்குள்ள காலி பண்ணி வச்சிரும்மா. மொத முகூர்த்தத்துலயே நாலு கல்யாணம் புடிச்சிருக்கேன். எல்லாத்தையும் எங்கிட்டுப் போய்க் கொட்ட?”

“அதுல லாரி இருக்கு அண்ணாச்சி.”

“தெரியும். லாரிய எறக்கு.”

அந்த இரண்டு டிஸ்கிலும் இருப்பது நானும் சீனிராஜும் விளையாடிய லாரி விளையாட்டு. சீனிராஜ் எங்கள் கேமராமேனாக இருந்தவர். சாத்தூர்க்காரர். பதினோரு வருஷமாக ஓமனில் இருக்கிறார். கல்யாணம் இல்லாத மாதங்களில் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் லாரி ஓட்டி, ஓட்டியதை அப்படியே பதிவும் செய்து வைத்தோம். அண்ணாச்சி இத்தனை நாள் அதை அழிக்கச் சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம்தான்.

ஜூலை 18, வியாழன்

சீனிராஜிடமிருந்து வாட்ஸப். எண் மாறியிருந்தாலும் படத்தில் மூக்கு மாறவில்லை.

“அண்ணாச்சி சொன்னாங்க. லாரி வீடியோவ அழிக்கப் போறீங்களாமே. அழிச்சிராதீங்க. சுருக்கி ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தர முடியுமா? ஆகஸ்ட்ல லீவுல வாரேன்.”

போறீங்களாமே! ‘ஏ செண்பகம், வாயப் பாக்காத, ரோட்டப் பாரு’ என்று கத்திய வாய் அது. ஓமனில் மரியாதையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. ‘முடியும்’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். ஒரே சொல்தான், ஆனால் அடித்து அடித்து அழித்ததில் டீ ஆறிவிட்டது.

ஜூலை 20, சனி

டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கோப்பும் யானை மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்தில் சீனிராஜ், “படம்னா படமா இருக்கணும், கஞ்சத்தனம் பண்ணக் கூடாது” என்று சொல்லி, பதிவு செய்கிற மென்பொருளில் தரத்தை உச்சத்தில் வைத்துவிட்டார். கேமராமேன் புத்தி.

அந்த விளையாட்டில் ஐரோப்பா முழுக்க லாரி ஓட்ட வேண்டும். ஓர் ஆள்தான் ஓட்ட முடியும். நாங்களோ இரண்டு பேர். அதனால் ஒருவர் டிரைவர், மற்றவர் கிளீனர் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். மேப் பார்ப்பது, வழி சொல்வது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது “ஒடிச்சு வா, ஒடிச்சு வா” என்று தொண்டை கிழியக் கத்துவது, டிரைவர் தூங்கிவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது, எல்லாம் கிளீனர் வேலை. அந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. எனவே ஜெர்மனிக்குச் சாத்தூர் என்று பெயர் வைத்தோம். பிரான்ஸ் மொத்தமும் விருதுநகர். கப்பலேறிக் கடலைத் தாண்டினால் மதுரை. “மதுரைல வண்டிய எடது பக்கம் ஓட்டணும், மறந்துராத” என்பார்.

தமிழில் லாரி சேனல் ஒன்று தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. முதல் ஓட்டத்தை ஏற்றிப் பார்த்தோம். அன்றைய இணைய வேகத்தில் அது முடிவதற்குள் நிஜமாகவே ஐரோப்பா போய்த் திரும்பியிருக்கலாம். அப்படியே விட்டுவிட்டோம், ஓட்டுவதை மட்டும் விடவில்லை.

சிரிப்பு வந்தது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூலை 21, ஞாயிறு

“ஜிப் பண்ணிரும்மா” என்று அண்ணாச்சி யோசனை சொன்னார். பண்ணினேன். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முக்கி முனகிக் கடைசியில் கைக்குட்டை அளவுக்குக்கூட இடம் மிச்சமாகவில்லை. வீடியோவை ஜிப்பில் போடுவது, கட்டிலைத் தலையணை உறைக்குள் திணிக்கிற வேலை. சொன்னால் கேட்கமாட்டார் என்பதற்காகச் செய்து காட்டினேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஒரே ஓட்டத்தை மூன்று வகையாகச் சுருக்கிப் பார்த்தேன்.

எச்.264 வேகமாக முடிந்தது, எல்லாக் கருவியிலும் ஓடும், ஆனால் பென்டிரைவில் பாதி ஓட்டங்கள்தான் ஏறும். ஏவி1 என்ற புதியது மிகச் சிறிதாக்கித் தருகிறது என்று இணையத்தில் ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. மதியம் போட்ட வேலை, கடை பூட்டும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டையின் ஓரத்தில் நகம் அளவுக்கு நகர்ந்திருந்தது. எச்.265 இரண்டுக்கும் நடுவில். மெதுவாகத்தான் போகிறது, மின்விசிறி போடுகிற சத்தத்தில் கம்ப்யூட்டர் பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஆனால் அளவு நன்றாகக் குறைகிறது. படமும் அவ்வளவாகக் கெடவில்லை.

எதில் பார்ப்பீர்கள் என்று சீனிராஜுக்குச் செய்தி அனுப்பினேன். “போன்லதான். ரூம்ல படுத்துக்கிட்டு” என்று பதில் வந்தது. அப்படியானால் எம்கேவி வகைக் கோப்பு வேண்டாம், எம்பி4 போதும். சில போன்கள் எம்கேவியைப் பார்த்தால் முழிக்கும்.

ரூமில் தனியாகத்தான் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. அது என் வேலை இல்லை. அண்ணாச்சியே சொன்னார்: “அவன் எங்கம்மா கல்யாணம் பண்ணான்? தங்கச்சி ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டு, நான் எடுத்த கல்யாணமே எனக்குப் போதும் அண்ணாச்சிங்கான். காண்டிராக்டு தையோட முடியுதாம். இந்த லீவு முடிஞ்சு போனதும் இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போறானாம்.”

நல்ல கம்பெனியாக இருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

தரத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எண்ணைக் கூட்டினால் கோப்பு சிறுக்கும், படம் கெடும். குறைத்தால் படம் பளிச்சென்று இருக்கும், கோப்பு ஊதும். கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற கதைதான், பதம் தப்பினால் ஒன்று கையில் ஒட்டும், இல்லை பல்லை உடைக்கும். நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக இருபத்தேழு என்று முடிவு செய்தேன்.

மழை ஓட்டம் மட்டும் வழிக்கு வரவில்லை. அதாவது 2013 ஆடியில் ஓட்டியது. ஆரம்பம் முதல் முடிவு வரை மழை பெய்துகொண்டே இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறாமல் இருக்கிற இடத்தை மறுபடி எழுதாமல் விட்டுவிடுவதுதான் மென்பொருளின் சூட்சுமம். வெறும் வானம் என்றால் ஒரு தடவை எழுதினால் போதும். மழையில் ஒவ்வொரு துளியும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் விட்டுவிட அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இருபத்தேழில் வைத்தால் கண்ணாடியில் வழிகிற மழை சதுரம் சதுரமாகப் பிய்ந்துபோகிறது.

அதற்கு மட்டும் பதினெட்டு கொடுத்தேன். மற்ற ஓட்டங்கள் ஐந்தாறு சேர்ந்து பிடிக்கிற இடத்தை அது ஒன்றே பிடிக்கிறது. மழைக்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 29, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையில் போட்டு ஓடவிட்டேன். நொடிக்கு அறுபது படம் என்பதை முப்பதாக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். லாரிக்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி திக்கித் திக்கி வருகிறது. ஒலிக்கு இரண்டு தடம் இருப்பதாகக் காட்டியது. கல்யாணக் கை சும்மா இருக்குமா? மண்டபத்து இரைச்சலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாட்டு போட்டே பழகிய எங்களிடம் சத்தத்துக்கு மரியாதை கிடையாது. ஒன்று போதும் என்று இரண்டாவதன் டிக்கை எடுத்துவிட்டேன். கொஞ்சம் இடம் மிச்சம்.

முடிந்தவற்றை ஓட்டிச் சரிபார்க்கிறேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தையல்கடைக்காரருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

எல்லாம் முடிந்தது. முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு கோப்பையும் பார்த்தேன். படம் அருமை. பென்டிரைவில் ஏற்றி, ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைத்துக்கொண்டேன்.

மதியம் அண்ணாச்சி ஒரு ஊர் அம்மன் கொடை விழாவைப் படம் எடுத்து வந்து, கொட்ட இடமில்லாமல் நின்றார். இரண்டு டிஸ்க்கையும் துடைத்துக் கொடுத்தேன். முளைப்பாரி, கும்மி, தீச்சட்டி என்று மூன்று கேமராவில் எடுத்தது மொத்தமும் உள்ளே போய்விட்டது.

“லாரி எறங்கிருச்சா?” என்றார்.

“எறங்கிருச்சு அண்ணாச்சி.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

மயில்கழுத்து நிறச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா என்ன விசேஷம் என்றாள். ஆடி வெள்ளி என்றேன். போன வெள்ளியும் ஆடி வெள்ளிதானே என்றாள். இன்றைக்கு வருவதாக இருந்த சீனிராஜ் வரவில்லை, திங்கட்கிழமைதான் வருகிறாராம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சீனிராஜ் வந்தார். முன்நெற்றி ஏறியிருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறார். பேரீச்சம்பழப் பெட்டியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா?” என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டோம்.

“ஒண்ணு போடுங்க, பாப்போம்” என்றார்.

ஸ்பீக்கர் வயரை மாட்டிவிட்டு முதல் ஓட்டத்தைப் போட்டேன். லாரி உறுமியது. ஹாரன் அடித்தது. கியர் மாறியது. கொஞ்ச நேரம் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நாம எங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது தடம். சீனிராஜ் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே பேசுகிறாரே, மைக்கில் நறநறவென்று விழுகிறதே, பிறகு தனியாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று மைக்கின் ஒலியைத் தனித் தடத்தில் பிரித்து வைத்ததே நான்தான். முதல் தடத்தில் லாரி. இரண்டாவதில் நாங்கள். எங்களைத்தான் டிக் எடுத்து வெளியே போட்டிருக்கிறேன்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்றைக்கூடச் சத்தத்தோடு ஓட்டிப் பார்க்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பூட்டிக் கிடக்கிற தையல்கடைக்குத் தொந்தரவாக இருக்கும் என்றா?

“சரி, விடுங்க. வெளையாட்டுதான” என்றார். சிரித்தார். அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த டீயைப் பாதி குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். சாத்தூருக்கு நினைத்த நேரத்தில் பஸ் உண்டு.

பென்டிரைவ் மேசையிலேயே கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அழித்ததை மீட்கிற மென்பொருள்கள் நாலைப் போட்டு இரண்டு டிஸ்க்கையும் தோண்டினேன். கோப்புகளின் பெயர்கள் மட்டும் அழகாக வரிசையாக வந்தன. மழை ஓட்டத்தைத் திறந்தேன். உள்ளேயிருந்து உறுமி மேளமும் குலவையும் வந்தன. அம்மன் கொடை மேலே உட்கார்ந்துவிட்டது. இனிமேல் யாராலும் எழுப்ப முடியாது.

கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மழை ஓட்டத்தில் ஒன்று இருந்தது. இத்தனை நாளாக இங்கே எழுதாமலே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் எங்கேயும் எழுதிவைத்ததும் இல்லை. இப்போது எழுதாவிட்டால் அதுவும் போய்விடும்.

அன்றைக்கு நான் டிரைவர். அவர் கிளீனர். சாத்தூர் தாண்டி, அதாவது ஜெர்மனி தாண்டி, நல்ல மழை. சுங்கச்சாவடியைக் கடந்ததும் ஒரு நீளமான நேர்ரோடு வரும். ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பிறகு, “இப்படியே காலம் பூராம் ஒனக்குக் கிளீனரா வந்துருதேன் செண்பகம்” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போது வீட்டில் என்னை அத்தை மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் நிச்சயம். என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவரும் அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை வழியை மட்டும் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் ஓமன் போய்விட்டார்.

அத்தை மகன் தை மாதமே கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு சீனிராஜுக்கு நான் போன் செய்திருக்கலாம். எதைச் சொல்லிச் செய்வது என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன.

அந்தக் குரலை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்டால் தாங்காது என்று பயம். இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதை அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை.

“என்னம்மா ஆயிப்போச்சு? சத்தந்தான போச்சு? படம் இருக்குல்ல? மைக் அந்தா கெடக்கு. சினிமாக்காரன் பூராம் படத்தப் பாத்துத்தான் பேசுதான். நீங்களும் பேசுங்க. அவங்களுக்காவது வாயசைவு பாக்கணும். ஒங்களுக்கு என்ன, லாரிக்கு வாயா இருக்கு?”

கோபம் வந்தது. போன குரல் என்ன டப்பிங் பேசினால் திரும்பி வந்துவிடுமா? பதினோரு வருஷத்துக்கு முந்திய சிரிப்பை இப்போது எந்த வாயால் சிரிப்பது? அதையெல்லாம் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர், “சரி, அப்ப பென்டிரைவ கூரியர்ல போடு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கூரியரில் போடத்தான் கவரை எடுத்தேன். முகவரி எழுதப்போனவள், சீனிராஜுக்குப் போனைப் போட்டுவிட்டேன். மணி அடித்ததும் எடுத்தார்.

“நாளைக்கு வர முடியுமா?”

“என்ன விஷயம்?”

“கிளீனர் வேணும்.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது.

“எத்தன மணிக்கு வண்டி எடுக்கணும்?” என்றார்.

ஆகஸ்ட் 10, சனி

ஒலி அளவை நானே பலமுறை சோதித்தேன். இரண்டு பேருக்கும் தனித்தனி ஹெட்போன். இந்தத் தடவை லாரியும் நாங்களும் ஒரே தடத்தில்.

ஆரம்பத்தில் படுமோசம். பள்ளிக்கூட நாடகத்தில் ஒப்பிக்கிற மாதிரி, “அடுத்த வளைவில் வலப்பக்கம் திரும்பவும்” என்று படித்தார். நானும் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினால் மைக்கில் விழாது என்பதுகூட மறந்துவிட்டது.

திரையில் என் லாரி ஒரு ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு எந்த வழியில் வெளியே போவது என்று தெரியாமல் அந்தக் காலத்தில் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. சீனிராஜுக்குப் பொறுக்கவில்லை.

“ஏ செண்பகம், என்ன கோயிலா இது? பிரதட்சணம் பண்ணிக்கிட்டு இருக்க?”

“நீங்கதான வழி சொல்லணும்? கிளீனர்னு எதுக்கு ஏறுனீக?”

“நான் அப்பவே சொன்னேன், நாட்டுக்கோழி கடை கிட்டத் திரும்புன்னு.”

“அது பெட்ரோல் பங்க்!”

“பங்க்குக்குப் பின்னால கோழி கடை இருக்கும். எல்லா ஊர்லயும் இருக்கும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் எதையும் யோசிக்கவில்லை. அன்றைக்கு என்ன பேசினோம் என்பதில் சண்டை, அதைவிட நன்றாக இப்போது பேசுவதில் போட்டி. எப்போது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கினார் என்று அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, “கடையில வேலையே இல்லன்ன. யார்கிட்டக் கத்துத?” என்றாள். லாரி ஓட்டுகிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் சாத்தூர் சீனிராஜ் வந்திருக்கிறாராமே என்று அவளாகவே கேட்டாள்.

எல்லாம் முடிந்தது. மழை ஓட்டம் மட்டும் பாக்கி. அதை எடுக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி அவருக்கு விமானம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்றைக்கு ஸ்டுடியோ விடுமுறை. நான் திறந்தேன். காலையில் வந்தார்.

“ஒண்ணு பாக்கி இருக்குல்ல” என்றார்.

“இருக்கு.”

போட்டேன். திரை முழுக்க மழை. சுருக்கிய கோப்பு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனியாக வழிந்தது.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். “வைப்பரப் போடு. லைட்டப் போடு. முன்னால போறவன் குடிச்சிருக்கான், தள்ளியே போ.” சாத்தூரைத் தாண்டும்போது, “எங்க அம்மா சோறு வச்சிருப்பா, எறங்கிச் சாப்புட்டுப் போவமா” என்றார். நான், “லோடு எறக்கணும், பேசாம வாங்க” என்றேன். சுங்கச்சாவடி வந்தது. கட்டை உயர்ந்தது. நேர்ரோடு.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஹெட்போனில் மழையும் எஞ்சினும் மட்டும். வைப்பர் போய்ப் போய் வந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேராகப் போய்க்கொண்டிருந்த லாரி திடீரென்று இடது பக்கம் சாய்ந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி அடுத்த வழிக்குள் நுழைந்தது. பின்னால் வந்த கார் லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. லாரி தடுமாறி, ஒருமுறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடி, மறுபடி தன் வழிக்கு வந்தது.

“நிறுத்து” என்றார்.

நிறுத்தினேன்.

“திரும்பப் போடு.”

போட்டேன். மறுபடி சுங்கச்சாவடி, மறுபடி நேர்ரோடு. மறுபடி லாரி சாய்ந்தது. வளைவு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே ஒரு வண்டியும் இல்லை.

“இது எப்ப?” என்றார்.

“அன்னைக்குத்தான்.”

“நான் பாக்கலயே.”

“நீங்க ஸ்கிரீனப் பாக்கல. சொல்லிட்டு ஜன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டீக.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

“நீ ஒரு வார்த்தை சொல்லல செண்பகம். நேரா ஓட்டிக்கிட்டுப் போன. அதத்தான் நான் பதிலுன்னு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்கன ரூம்ல கெடந்து எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? அந்த வீடியோவ வாங்கி, ஒன் பக்கம் ஒரு மூச்சுச் சத்தமாவது கேக்குதான்னு பாக்கணும்னு.”

“நேராவா ஓட்டுனேன்?” என்றேன். மேற்கொண்டு பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. மௌஸைப் பிடித்துச் சுங்கச்சாவடிக்குப் பின்னால் கொண்டுபோனேன். பதிவு பொத்தானை அமுக்கினேன். “மொதல்லேருந்து எடுப்போம்.”

கட்டை உயர்ந்தது. மழை. இந்தத் தடவை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“இப்படியே காலம் பூராம் ஒனக்குக் கிளீனரா வந்துருதேன் செண்பகம்” என்றார். அன்றைய குரல் இல்லை. கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் வயதாகி, மூச்சு வாங்கியது.

லாரி சாய்ந்தது. கார் லைட்டை அடித்தது. லாரி நேரானது. பதினோரு வருஷமாக நான் பேசாமல் இருந்த இடம் அதுதான். மைக்குக்குப் பக்கத்தில் போனேன்.

“சம்பளம் கெடையாது” என்றேன். “படிக்காசு மட்டுந்தான்.”

பாலம் ஒன்று வந்து போனது. எதிரே ஒரு பஸ் போனது. பயமாக இருந்தது. பிறகு அவர், கிளீனர் லாரிப் பலகையைத் தட்டுகிற மாதிரி மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“போலாம் ரைட்” என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

இருமிச் சரிசெய்துகொண்டு, அந்த இடம் நன்றாக வரவில்லை, இன்னொரு தடவை எடுப்போமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.